தண்டவாளத்தை ஒட்டி, மலையைப் பார்த்து

விழுப்புரம் – திருக்கோவிலூர் – திருவண்ணாமலை: சனி, ஞாயிறு இரண்டு நாள், ஏறத்தாழ 75 கிலோமீட்டர்

திருவண்ணாமலைக்கு வந்து சைக்கிள் எடுக்கிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது, மலையைச் சுற்றுவது. 14 கிலோமீட்டர், நல்ல தார்ச்சாலை, வழியெல்லாம் டீக்கடை. செய்யுங்கள். ஆனால் அதை வாரக்கடைசிப் பயணம் என்று கணக்கில் எழுத வேண்டாம். கிரிவலப் பாதை நடக்கிறவர்களுக்கு உரியது. வெறுங்காலோடு ஒருவர் இடப்பக்கம் ஒதுங்கி நடக்கும்போது பின்னால் போய் மணியடிப்பது எனக்கு இன்றுவரை கூச்சமாகத்தான் இருக்கிறது. சைக்கிளுக்கு ஏற்ற வழி வேறு. அது ஊருக்குக் கிழக்கே, ரயில்பாதையோடு போகிறது.

வெளிநாட்டு சைக்கிள் நூல்களைப் படித்துவிட்டு வருபவர்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நியூசிலாந்தின் ஒட்டாகோவில் 1990-இல் ரயில் நின்றுபோன பாதையைச் சீர்செய்து, 2000-ஆம் ஆண்டில் 152 கிலோமீட்டர் சைக்கிள் தடமாகத் திறந்தார்கள். அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் இப்படி நிறைய உண்டு. நம்மூரில் பழைய பாதை சும்மா கிடப்பதில்லை. மீட்டர் கேஜைப் பெயர்த்தார்கள் என்றால் பெரும்பாலும் அதே கரையில் அகலப்பாதை போடுவதற்குத்தான். 1964 புயலில் போன தனுஷ்கோடிப் பாதை போன்ற சில துண்டுகள் விதிவிலக்கு. விழுப்புரம் – காட்பாடிப் பாதையும் அப்படித்தான் அகலமாகி, மின்கம்பியும் ஏறி, இன்று முழு உயிரோடு ஓடுகிறது. ஆகவே தண்டவாளத்தின் மேலோ அதன் கரையிலோ நீங்கள் ஓட்டப்போவதில்லை. ரயில்வே எல்லைக்குள் அத்துமீறி நுழைந்தால் 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ 1,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். சட்டத்தை விடுங்கள், கரையோரத்து ஜல்லியில் சைக்கிள் பத்தடிகூட ஓடாது.

நாம் போவது பாதையை ஒட்டிய ஊர்ச்சாலைகளில். ஒரே சாலை கடைசிவரை தண்டவாளத்தோடு வராது. சில இடத்தில் வயலுக்கு அப்பால் கம்பங்கள் மட்டும் தெரியும், சில இடத்தில் கேட்டைத் தாண்டி மறுபக்கம் போக வேண்டியிருக்கும். கண்ணில் படாத நேரத்தில் ஹாரன் காதில் படும். வழி தவறாமல் இருக்க அதுவே போதும்.

எந்தத் திசையில் போவது

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும் என்றால், அது திசைதான். திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு விழுப்புரத்தில் முடிக்காதீர்கள். அப்படிப் போனால் மலை இரண்டு நாளும் முதுகுக்குப் பின்னால் கிடக்கும். ரயிலிலோ வண்டியிலோ விழுப்புரம் போய், சைக்கிளில் திரும்பி வாருங்கள். திருக்கோவிலூரைத் தாண்டிய பிறகு, வானம் தெளிவாக இருந்தால், மலை உங்களுக்கு மைல்கல்லாக வரும்.

இப்படி வந்தால் சற்று ஏற்றம் உண்டு. திருக்கோவிலூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே தரை ஏறத்தாழ 100 மீட்டர் உயர்கிறது. 37 கிலோமீட்டரில் பரவிய 100 மீட்டர் என்பதால் கால் அதை அறியாது. கடைசி ஐந்து கிலோமீட்டரில் ஏன் இப்படிக் களைக்கிறது என்று நீங்கள் யோசிக்கும்போதுதான் அது தன்னைக் காட்டும். காற்று இன்னும் முக்கியம். ஆனி, ஆடியில் மேல்காற்று நேர் எதிரே அடிக்கும். அப்போது இந்த வழி தண்டனை. மார்கழி பிற்பாதியிலிருந்து மாசி வரை வாருங்கள். வாடைக்காற்று வலத் தோளில் பக்கவாட்டில் தள்ளும், எதிர்க்காது. சித்திரை, வைகாசியில் காலை பத்தரைக்கு மேல் தார்ச்சாலையில் யாருக்கும் வேலையில்லை.

பௌர்ணமி நாளிலும் கார்த்திகை தீபத்தின்போதும் இந்தப் பயணத்தை வைக்காதீர்கள். ஊரின் வாயில்களிலேயே தற்காலிகப் பேருந்து நிலையம் போட்டு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். 75 கிலோமீட்டர் மிதித்து வந்து கடைசி மூன்று கிலோமீட்டர் கூட்டத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவது எப்படி இருக்கும் என்பதை நான் ஒருமுறை பார்த்தாகிவிட்டது.

முன்னால் போனவர்

இந்தப் பாதையில் மலையைத் தேடி வந்த ஒரு பையனின் பயணம் நன்றாகப் பதிவாகியிருக்கிறது. அதை அறிந்துகொண்டு ஓட்டினால் வழியில் உள்ள ஸ்டேஷன் பெயர்களுக்கெல்லாம் ஓர் அர்த்தம் வரும்.

1896 ஆகஸ்ட் 29 அன்று மதுரையிலிருந்து 16 வயது வேங்கடராமன் வீட்டைவிட்டுக் கிளம்பினார். பின்னாளில் ரமண மகரிஷி. அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கு இருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பழைய நிலப்படத்தைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அருகே உள்ள ஸ்டேஷன் திண்டிவனம்தான் என்று முடிவுசெய்து, 2 ரூபாய் 13 அணாவுக்குச் சீட்டு வாங்கினார். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதுப்பாதை போட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அது அந்தப் படத்தில் இல்லை. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி சொன்ன பிறகுதான் விழுப்புரத்தில் மாற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்தது.

மிச்சமிருந்த சில்லறைக்கு விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வரைதான் சீட்டு கிடைத்தது. அங்கே இறங்கி நடந்தார். இருட்டும் நேரத்தில் அரகண்டநல்லூர்க் கோயிலை அடைந்தார், அங்கிருந்து ஆற்றைக் கடந்து கீழூர். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதில் இருந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கி, திருக்கோவிலூர் ஸ்டேஷனில் இரவைக் கழித்து, செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலையில் இறங்கினார்.

இந்தக் கதையின் பின்குறிப்பு ரயில்வேயிடம் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு நேர்ப்பாதை போட இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே ஒப்புதல் கிடைத்து, வேலையும் தொடங்கி, அப்படியே நின்றுபோனது. திண்டிவனத்துக்குச் சீட்டு வாங்குகிறவர் இன்றும் விழுப்புரத்தில்தான் மாற வேண்டும்.

சைக்கிளை ஏற்றுவது

திருவண்ணாமலையில் சைக்கிள் வாடகைக்கு வேண்டுமென்றால் ரமணாசிரமத்தைச் சுற்றிய தெருக்களில் விசாரியுங்கள். நாள் வாடகைக்குக் கொடுப்பார்கள். இரவு வெளியூரில் தங்குவதாகச் சொன்னால் முகம் மாறும். முன்கூட்டியே சொல்லி, முன்பணம் கொடுத்து, பிரேக்கையும் செயினையும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

சைக்கிளோடு விழுப்புரம் போவதற்கு மூன்று வழி. மடக்கு சைக்கிளாக இருந்தால் கவலையே இல்லை. உறைக்குள் போட்டுப் பையைப்போல் எடுத்துக்கொண்டு ஏறலாம். சாதாரண சைக்கிள் என்றால் லக்கேஜ் வேன் உள்ள ரயிலில் பார்சலாகப் பதிவு செய்ய வேண்டும். மெமு வண்டிகளில் அந்த வேன் கிடையாது, சின்ன ஸ்டேஷன்களில் பதிவும் நடக்காது. முதல் நாளே பார்சல் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மூன்றாவதுதான் என் வழி. நான்கைந்து பேர் சேர்ந்தால் ஒரு குட்டியானை பேசிக்கொண்டு, பழைய போர்வைகளை இடையில் போட்டுச் சைக்கிள்களை அடுக்கி, விடியுமுன் கிளம்பிவிடலாம். ரயில் மேல் ஆசை இருப்பவர்கள் சைக்கிளைக் குட்டியானையில் அனுப்பிவிட்டுத் தாங்கள் ரயிலில் போகலாம். நாளை வரப்போகும் வழியை இன்று ஜன்னலில் பார்த்துவைப்பது வீணில்லை. எந்தக் கேட்டில் சாலை குறுக்கே வருகிறது, எந்தச் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறது என்பது அங்கிருந்தே தெரியும்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு: கடற்கரை ஸ்டேஷனிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வரை ஓடிய மெமு 2024 மே முதல் திருவண்ணாமலை வரை நீண்டிருக்கிறது. மலிவு, ஆனால் மாலையில் கிளம்பி நள்ளிரவை ஒட்டித்தான் சேரும். சைக்கிள் இல்லாமல் வந்து இங்கே வாடகைக்கு எடுப்பவர்களுக்கு மட்டுமே ஏற்றது.

கியர் சைக்கிள் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இந்த வழிக்கு வேண்டாம். ஊர்ப் பஞ்சர் கடைகளில் 26, 28 அங்குல டியூப் தொங்கும். மெலிந்த பந்தயச் சக்கரத்தின் டியூபும், அதன் ஊசி வால்வுக்குப் பொருந்தும் பம்பும் இருக்காது. அப்படிப்பட்ட சைக்கிள்தான் இருக்கிறதென்றால் இரண்டு டியூப், ஒரு கைப்பம்பு, வால்வு அடாப்டர் மூன்றும் பையில் இருக்கட்டும்.

சனிக்கிழமை: விழுப்புரத்திலிருந்து ஆற்றங்கரை வரை

விழுப்புரத்தில் மாம்பழப்பட்டு ரோடு எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். காணை வரை ஊர்ப் போக்குவரத்து. பள்ளிப் பேருந்து, பால் வண்டி, ஷேர் ஆட்டோ எல்லாம் உங்களை உரசிக்கொண்டு போகும். காணையைத் தாண்டினால் மூச்சு விடலாம். சாலையின் இருபுறமும் கரும்பு, நெல், மல்லாட்டை. கடலை என்று கேட்டால் கடைக்காரர் ஒரு கணம் உங்களைப் பார்ப்பார். மல்லாட்டை என்று கேளுங்கள். அவித்தது கிடைத்தால் சட்டைப்பை நிறைய வாங்கிக்கொள்ளலாம். வழிப்பயணத்துக்கு அதைவிட நல்ல தீனியை எந்தக் கம்பெனியும் இன்னும் காகிதத்தில் சுற்றி விற்கவில்லை.

இந்தப் பகுதியின் ஆபத்து கரும்பு டிராக்டர். அரவைக் காலத்தில் டிரெய்லரின் இருபுறமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும், பின்விளக்கு பெரும்பாலும் இருக்காது. எதிரே வந்தால் நின்று வழிவிடுங்கள். பின்னால் மாட்டிக்கொண்டால் முந்தப் பார்க்காதீர்கள். அடுத்த ஊரில் டிராக்டர்காரரும் டீ குடிக்க நிற்பார், அப்போது தாண்டலாம். அறுவடைக் காலத்தில் இன்னொன்று: சாலையின் பாதியில் நெல்லோ உளுந்தோ காயும், ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். தானியத்தின் மேல் சக்கரம் ஏற்றுவது ஆபத்து, சறுக்கிவிடும். வசவு அதற்குப் பிறகு வரும்.

மாம்பழப்பட்டில் நிற்கவும். ஸ்டேஷன் சின்னது. பார்க்க ஒன்றும் இல்லை என்று கூடச் சொல்லலாம். கையில் இருந்த காசு தீர்ந்த இடம் இதுதான் என்று தெரிந்து நிற்பவருக்குத்தான் அது ஏதோ சொல்லும். பிளாட்பாரச் சீட்டு இல்லாமல் உள்ளே போக வேண்டாம். வெளியிலிருந்து பார்த்துவிட்டுக் கிளம்பினால் போதும்.

அயந்தூர், முகையூர் என்று சாலை தொடர்கிறது. இந்தப் பக்கத்து முள் தனி ரகம். ரயில் கரை நெடுக சீமைக்கருவேலம். அதை வெட்டி ஏற்றிப் போகும் வண்டிகள் சாலையில் சிந்திய துண்டுகள் டயரில் ஏறும். பஞ்சர் ஆனால் டியூபை மாற்றுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் துடைத்துப் பாருங்கள். முள்முனை இன்னும் அங்கேதான் இருக்கும். நான் அந்தப் பாடத்தை அரை மணி நேரத்தில் இரண்டு டியூப் கொடுத்துக் கற்றேன்.

கேட் மூடியிருந்தால் இறங்கி நில்லுங்கள். கட்டைக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைத்துப் போகும் உள்ளூர்க்காரர்களைப் பார்ப்பீர்கள். அவர்களுக்கு ரயில் நேரம் மனப்பாடம், உங்களுக்கு இல்லை. கேட்டுக்குப் பதில் சுரங்கப்பாதை இருக்கும் இடங்களில், மழை பெய்த மறுநாள் தண்ணீரின் ஆழத்தை நம்பாதீர்கள். எதிரே ஒரு பைக் வரும்வரை காத்திருந்து, அதன் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

முதல் நாளின் முடிவு அரகண்டநல்லூர். திருக்கோவிலூர் ஸ்டேஷன் இருப்பது இங்கே, தென்பெண்ணையின் வடகரையில்தான். ஊர் ஆற்றுக்கு அக்கரையில். தேவாரத்தில் அறையணிநல்லூர் என்று வரும் தலம் இது. அதுல்யநாதேஸ்வரர் கோயில் ஆற்றை ஒட்டிய பாறைமேல் நிற்கிறது. சம்பந்தர் இங்கிருந்துதான் அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்கிறது பெரியபுராணம். 1896-இல் அந்தப் பையனுக்குப் பேரொளி ஒன்று தெரிந்ததும் இந்தக் கோயிலில்தான். மாலை நாலரைக்குள் வந்துவிட்டால் பாறைமேல் ஏறி வடமேற்கே பாருங்கள். மழைக்குப் பிந்திய தெளிந்த நாளில் நீல முக்கோணமாக மலை நிற்கும். புழுதி நாளில் தெரியாது. அதற்காக யாரையும் நொந்துகொள்ள வேண்டாம், மறுநாள் அதை நோக்கித்தானே போகிறோம்.

பாலத்தைத் தாண்டினால் திருக்கோவிலூர். மாவட்டமும் மாறுகிறது. வடகரை விழுப்புரம், தென்கரை 2019-இல் பிரிந்த கள்ளக்குறிச்சி. ஆற்றுக்குள் தனியே நிற்கும் பாறை கபிலர் குன்று. பாரியின் மகளிரை ஒப்படைத்துவிட்டுக் கபிலர் உயிர் நீத்த இடம் என்று காட்டுகிறார்கள். மணலில் நடந்து போகலாம், ஆனால் படுத்துத் தூங்கும் யோசனை வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் இந்த ஆற்றில் வந்தது. மழைக்காலத்தில் அணை எப்போது திறக்கும் என்பதை ஊரில் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

ஊரில் தங்க எளிய லாட்ஜுகள் உண்டு. அறை எடுக்குமுன் சைக்கிளை எங்கே வைப்பது என்று கேளுங்கள். உலகளந்த பெருமாள் கோயில் உள்ள ஊர் இது. ஒரு மழை இரவில், ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவுள்ள இடைகழியில் முதலாழ்வார் மூவரும் சந்தித்தது இங்கேதான். எனக்கு ஒரு லாட்ஜில் கிடைத்த அறையும் அந்த அளவுதான். சைக்கிள் நின்றது, நான் படுத்தேன், மூன்றாவதற்கு இடமில்லை. மேலாளர் சைக்கிளை வாசலில் விடச் சொன்னார், விட்டிருந்தால் காலையில் நடந்துதான் போயிருப்பேன்.

சாயங்காலம் பெருமாள் கோயில். ஒரு காலைத் தூக்கி நிற்கும் அந்தப் பெரிய உருவத்தைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும். நேரம் இருந்தால் கீழூர் வீரட்டானேஸ்வரர், அட்டவீரட்டானங்களில் ஒன்று. அதற்கு மேல் அடுக்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை: மூன்று ஸ்டேஷன்கள்

ஐந்தரைக்குக் கிளம்புங்கள். மார்கழி, தையில் பனி அடர்ந்திருக்கும். பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கட்டும். மீண்டும் பாலம் தாண்டி வடகரை. இனி ஆதிச்சனூர், அண்டம்பள்ளம், தண்டரை, அதற்கு அடுத்தது திருவண்ணாமலை.

வழி கேட்பதில் ஒரு சூட்சுமம். திருவண்ணாமலைக்கு எப்படிப் போவது என்று கேட்டால் உங்களை நேரே பஸ் ரோட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அது அவர்கள் தப்பில்லை. "ஐயா, ஆதிச்சனூர் ஸ்டேஷனுக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள். அங்கே போனதும் அண்டம்பள்ளத்தைக் கேளுங்கள். ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கேட்டுப் போனால்தான் ஏரிக்கரையும் தோப்பும் வரும், சில இடத்தில் மண்சாலையும் வரும். "ஏன் தம்பி, பஸ்ல போயிருக்கலாமே" என்ற கேள்வி எப்படியும் ஒருமுறை வரும். சிரித்துவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள்.

ஊர் நாய்கள் ஓடும் சைக்கிளைத்தான் துரத்தும். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தால் அதற்கு ஆர்வம் போய்விடும்.

காலைச் சாப்பாட்டை ஒன்பது மணிக்குள் வழியில் கிடைக்கும் இடத்தில் முடித்துவிடுங்கள். இட்லி இருந்தால் இட்லி, கம்பங்கூழ் வண்டி நின்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம். மோர்மிளகாயோடு ஒரு சொம்பு குடித்தால் தண்டரை வரை தாங்கும்.

அண்டம்பள்ளத்துக்குப் பிறகு மலையைக் கவனியுங்கள். தூரத்தில் ஒற்றை முக்கோணமாக இருந்தது, கிட்ட வர வர இடுப்பு அகன்று மடிப்பு மடிப்பாக விரியும். 2,668 அடிதான், பெரிய மலை இல்லை. சுற்றிலும் தரை சமமாக இருப்பதால் அந்த உயரம் முழுதும் கண்ணுக்குக் கிடைக்கிறது. பிறகு ஒரு திருப்பத்தில் 217 அடி ராஜகோபுரத்தின் உச்சி மரங்களுக்கு மேலே எழும். அதுவரை படம் எடுக்காமல் இருந்தவர்கள்கூட அங்கே நின்றுவிடுவார்கள். சாலையை விட்டு இறங்கி நில்லுங்கள், அந்த இடத்தில் பேருந்துகள் வேகமாக வரும்.

தண்டரையிலிருந்து ஊர் வரை போக்குவரத்து நெருக்கும். கிழக்கே ஸ்டேஷன் பக்கமாக நுழைந்தால் கோயில் வாசல் பக்கம். ராஜகோபுரத்தின் முன்னே சைக்கிளைச் சாத்தி வைக்க விடமாட்டார்கள். பக்கத்துத் தெருவில் ஸ்டாண்ட் பார்த்து டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். பூட்டு உங்களுடையதாக இருக்கட்டும்.

வேங்கடராமன் அன்று கோயிலுக்குப் போய்விட்டு ஐயங்குளத்துக்கு வந்து, கடுக்கன் பணத்தில் மிஞ்சியிருந்த மூன்று ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகையைத் தண்ணீரில் எறிந்தார், பிறகு பணத்தைத் தொடவில்லை. குளம் கோயிலுக்குப் பக்கத்தில்தான். படியில் உட்கார்ந்து காலை நீட்டலாம். உங்கள் சில்லறையை எறிந்துவிடாதீர்கள். ஸ்டாண்டுக்குக் கொடுக்க வேண்டும், வாடகைச் சைக்கிளை மாலை ஆறு மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், தாமதமானால் அடுத்த நாள் வாடகையும் சேரும்.